உடன்படிக்கைப் பெட்டியின் மூடியும் பவுலின் ஒரு சொல்லும்

கேள்வி இரண்டு பகுதிகளாக வந்திருக்கிறது. உடன்படிக்கைப் பெட்டி, வெண்கலச் சர்ப்பம், நோவாவின் பேழை போன்ற பழைய ஏற்பாட்டுப் பொருள்களை இயேசுவினால் வரும் இரட்சிப்பின் அடையாளங்களாகக் கிறிஸ்தவர்கள் விளக்குகிறார்களே, அந்த விளக்கம் வேதத்திலேயே இருக்கிறதா, பிற்காலத்தார் ஏற்றிச் சொன்னதா என்பது முதல் பகுதி. அந்தப் பெட்டி இன்று எங்காவது கண்டெடுக்கப்பட்டால் கிறிஸ்தவ விசுவாசத்துக்கு என்ன ஆகும் என்பது இரண்டாம் பகுதி. முதல் பகுதிக்குத்தான் நீளமான பதில் தேவைப்படுகிறது. அது தெளிவாகிவிட்டால் இரண்டாம் பகுதியின் பதில் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும்.

சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். சில பொருள்களைப் புதிய ஏற்பாடே எடுத்து, அவற்றைக் கிறிஸ்துவோடு இணைக்கிறது. அவற்றைப் பிற்காலக் கற்பனை என்று சொல்ல இடமில்லை. வேறு சில விளக்கங்கள் பின்வந்த ஆசிரியர்களின் தியானத்தில் பிறந்தவை. அவற்றுள் அழகானவையும் உண்டு, வலிந்து சொன்னவையும் உண்டு. ஆனால் இந்த இரண்டு வகையிலும் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் ஒன்று இருக்கிறது. வேதம் ஒரு பொருளை இரட்சிப்பின் அடையாளமாகக் காட்டும் இடங்களிலெல்லாம், அந்தப் பொருள் தானாக யாரையும் இரட்சிக்காது என்பதையும் அருகிலேயே எழுதி வைத்திருக்கிறது. உடன்படிக்கைப் பெட்டியின் வரலாற்றிலும் வெண்கலச் சர்ப்பத்தின் வரலாற்றிலும் இதை நேராகவே பார்க்கலாம்.

பெட்டியிலிருந்து தொடங்குவோம். யாத்திராகமம் 25-ஆம் அதிகாரம் அதன் அளவுகளைத் தருகிறது. சீத்திம் (ஒரு வகை வேல) மரத்தால் செய்த பெட்டி. நீளம் இரண்டரை முழம், அகலமும் உயரமும் ஒன்றரை முழம். ஒரு முழத்தை ஏறத்தாழ 45 செ.மீ. என்று கொண்டால், நீளம் 112 செ.மீ., அகலமும் உயரமும் 67 செ.மீ. அளவில் வரும். நம் பாட்டிமார் துணிமணி வைத்திருந்த மரப்பெட்டியை விட அது பெரியதல்ல. உள்ளும் புறமும் பொன்தகடு, நான்கு வளையங்கள், அவற்றில் நிரந்தரமாகச் செருகப்பட்ட தண்டுகள். தண்டுகளைக் கழற்றவே கூடாது என்பது கட்டளை. எந்த நேரமும் பயணத்துக்கு ஆயத்தமாக நிற்கும் பொருளாகவே அது வடிவமைக்கப்பட்டிருந்தது. உள்ளே பத்துக் கட்டளைகள் எழுதிய இரண்டு கற்பலகைகள். மன்னா இருந்த பொற்பாத்திரமும் ஆரோனின் துளிர்த்த கோலும் உள்ளே இருந்தன என்று எபிரெயர் 9:4 சொல்கிறது. சாலொமோன் காலத்தில் பலகைகளைத் தவிர வேறொன்றும் உள்ளே இல்லை என்று 1 இராஜாக்கள் 8:9 சொல்கிறது. இந்த வேறுபாட்டை மறைக்கத் தேவையில்லை. மன்னாவும் கோலும் சாட்சியின் (அதாவது கற்பலகைகளின்) 'முன்பாக' வைக்கப்பட்டதாகவே மோசேயின் ஆகமங்கள் பேசுகின்றன.

இரட்சிப்பைப் பற்றிய விளக்கம் பெட்டியைவிட அதன் மூடியைத்தான் பற்றி நிற்கிறது. மூடி தனிப் பொருள். மரம் கலவாத பசும்பொன். பெட்டியின் நீள அகலத்துக்குச் சரியாகப் பொருந்தும் அளவு. அதன் இரு முனைகளிலும் அதே பொன்னில் அடித்துச் செய்த இரண்டு கேரூபீன்கள் (சிறகுள்ள விண்ணுலக உயிர்களின் உருவங்கள்), சிறகுகளை மேலே விரித்து, ஒன்றையொன்று நோக்கியபடி, முகங்களை மூடியை நோக்கித் தாழ்த்தியபடி நின்றன. 'அங்கே நான் உன்னைச் சந்திப்பேன்' என்று கடவுள் மோசேக்குச் சொன்னது அந்த இரண்டு சிறகுகளுக்கு நடுவிலிருந்த வெற்றிடத்தைக் குறித்துத்தான். சுற்றிலும் இருந்த மக்கள் அத்தகைய இடத்தில் தங்கள் தெய்வத்தின் உருவத்தை வைப்பார்கள். இஸ்ரவேலர் அங்கே எதையும் வைக்கவில்லை.

எபிரெய மொழியில் அந்த மூடிக்குப் பெயர் 'கப்போரெத்'. யோம் கிப்பூர் என்னும் பாவநிவிர்த்தி நாளின் பெயரில் இருக்கும் அதே வேர்ச்சொல்தான் இதிலும் இருக்கிறது. அந்த வேருக்கு 'மூடுதல்', 'துடைத்து நீக்குதல்' என்ற இரு பொருள்களையும் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். இயேசுவுக்கு முன்பே யூதர்கள் தங்கள் வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது (இதை எழுபதின்மர் மொழிபெயர்ப்பு என்கிறோம்), கப்போரெத் என்பதற்கு 'ஹிலஸ்தேரியோன்' என்ற சொல்லை வைத்தார்கள். பாவம் நிவிர்த்தியாகும் இடம், ஒப்புரவு நடக்கும் இடம் என்று அதை விரிக்கலாம்.

அந்த இடத்தில் நடந்தது என்ன என்பதை லேவியராகமம் 16-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆண்டுக்கு ஒரே நாள், ஏழாம் மாதம் பத்தாம் தேதி, பிரதான ஆசாரியன் ஒருவன் மட்டும், பெட்டி இருந்த இடத்தை மறைத்த திரைக்குள் நுழைய வேண்டும். பொன்னும் மணியும் பதித்த தன் மகிமையான ஆடைகளை அன்றைக்கு அவன் அணிவதில்லை. வெறும் சணல்நூல் ஆடைதான். முதலில் தணல் நிறைந்த தூபகலசத்தில் தூபவர்க்கத்தைப் போட்டு, அந்தப் புகை மூடியை மறைக்கும்படி செய்ய வேண்டும், தான் சாகாதபடிக்கு. பின்பு காளையின் இரத்தத்தில் விரலைத் தோய்த்து, மூடியின்மேல் கிழக்குப் புறமாகத் தெளிக்க வேண்டும். மூடியின் முன்பாக ஏழு தரம் தெளிக்க வேண்டும். அது அவனுக்காகவும் அவன் வீட்டாருக்காகவும். அடுத்து ஆட்டுக்கடாவின் இரத்தத்தோடு மறுபடியும் உள்ளே போக வேண்டும், அது மக்களுக்காக. இரண்டாவது ஆட்டுக்கடாவின் தலையில் இரு கைகளையும் வைத்து மக்களின் அக்கிரமங்களை அறிக்கையிட்டு, அதை வனாந்தரத்துக்கு அனுப்பிவிட வேண்டும். 'போக்காடு' என்று நம் பழைய மொழிபெயர்ப்பு அதற்கு ஒரு சொல் தந்திருக்கிறது. போய்விட்ட ஆடு, இனித் திரும்பாத ஆடு என்று அந்த ஒரே சொல்லில் எல்லாம் அடங்கிவிடுகிறது.

பிரதான ஆசாரியன் உள்ளேயே இறந்துவிட்டால் இழுப்பதற்காக அவன் காலில் கயிறு கட்டியிருந்தார்கள் என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். அது வேதாகமத்திலும் இல்லை, ஆலயச் சடங்குகளை விரிவாகப் பதிந்திருக்கும் பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலும் இல்லை. இடைக்காலத்து யூத மறைஞான நூலான சோஹரில் வரும் செய்தி அது. சடங்கின் கனத்தை உணர்த்த அந்தக் கயிறு தேவையில்லை. தன் சொந்தப் பாவத்துக்காக இரத்தத்தை ஏந்திக்கொண்டு, எதையும் தெளிவாகக் காண முடியாத புகைக்குள் ஒரு மனிதன் தனியே நுழைகிறான் என்பதே போதும்.

இப்போது பவுல். ரோமர் 3:25-இல், கடவுள் இயேசுவை 'ஹிலஸ்தேரியோன்' ஆக ஏற்படுத்தினார் என்று எழுதுகிறார். புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்தச் சொல் இரண்டே இடங்களில்தான் வருகிறது. ஒன்று இது. மற்றொன்று எபிரெயர் 9:5. அங்கே அது ஐயத்துக்கு இடமின்றி அந்தப் பொன்மூடியையே குறிக்கிறது. எழுபதின்மர் மொழிபெயர்ப்பை வாசித்துப் பழகிய எவருக்கும் ரோமர் 3:25 காதில் விழுந்தவுடன் லேவியராகமம் 16 நினைவுக்கு வந்திருக்கும். சிலுவையை 'மூடி' என்று பவுல் சொல்லவில்லை. இயேசு என்னும் மனிதரையே அந்த இடம் என்கிறார். கடவுள் மனிதரைச் சந்திக்கும் இடம், இரத்தம் தெளிக்கப்படும் இடம், பாவம் துடைக்கப்படும் இடம் மூன்றும் அவரில் ஒன்றாகின்றன. திரைக்குப் பின்னால் ஒருவன் மட்டுமே கண்டதைக் கடவுள் எல்லாரும் காண முன்னிறுத்தினார் என்பதும் அந்த வாக்கியத்தின் வினைச்சொல்லில் அடங்கியிருக்கிறது.

இந்தச் சொல்லைப் பற்றி நீண்ட வாதம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். இது பாவத்தை நீக்குவதைக் குறிக்கிறதா, கடவுளின் கோபத்தைத் தணிப்பதைக் குறிக்கிறதா என்பதைப் பற்றி 20-ஆம் நூற்றாண்டில் புதிய ஏற்பாட்டு அறிஞர்களான சி. எச். டாடும் லியான் மாரிஸும் எதிரெதிர் நிலைகளில் நின்று எழுதினார்கள். இரத்தசாட்சிகளின் மரணத்தைப் பற்றி இதே சொல்லை 4 மக்கபேயர் 17:22 பயன்படுத்துவதால், பவுல் மூடியை நினைக்கவே இல்லை என்று கருதுவோரும் இருக்கிறார்கள். என் எண்ணம், நியாயப்பிரமாணமும் தீர்க்கதரிசிகளும் சாட்சியிட்டதைப் பற்றியே பேசிக்கொண்டு வரும் ஒரு பத்தியில், அந்தச் சொல்லுக்கு அதன் வேதப் பொருளை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுவது இயல்பாக இல்லை.

தமிழில் வாசிக்கிறவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கலும் ஒரு தனி நன்மையும் உண்டு. சீர்திருத்தத் திருச்சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு, யாத்திராகமம் 25-லும் எபிரெயர் 9:5-லும் அந்த மூடியைக் 'கிருபாசனம்' என்கிறது. ஆனால் ரோமர் 3:25-க்கு வரும்போது அதே கிரேக்கச் சொல்லைக் 'கிருபாதாரபலி' என்று பெயர்க்கிறது. 1 யோவான் 2:2-இல் வரும் வேறொரு கிரேக்கச் சொல்லுக்கும் இதே கிருபாதாரபலிதான். ஆகவே தமிழில் மட்டும் வாசிப்பவர், பவுல் பொன்மூடியைப் பற்றிப் பேசுகிறார் என்பதை ரோமரிலிருந்து அறிந்துகொள்ள வழியில்லை. மூடி மறைந்து பலி மட்டுமே நிற்கிறது. அது தவறான பொருள் அல்ல. ஆனால் பாதிப் பொருள்.

நன்மை வேறோர் இடத்தில் வருகிறது. எபிரெயர் 4:16-இல் கிரேக்கம் சொல்வது 'கிருபையின் சிங்காசனம்'. அங்கே மூடியைக் குறிக்கும் சொல் இல்லை. ஆனால் தமிழில் அதுவும் 'கிருபாசனம்' ஆகிவிட்டது. 'தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம்' என்பது அந்த வசனத்தின் முடிவு. இதை வாசிக்கும் தமிழர் உடனே பொன்மூடியையும் கேரூபீன்களையும் நினைக்கிறார். ஒருவன் மட்டும், ஆண்டுக்கொரு நாள் மட்டும், நடுக்கத்தோடு அணுகிய அதே இடத்துக்கு எல்லாரும் தைரியமாய் வரலாம் என்று அந்த வசனம் தமிழில் முழங்குகிறது. எபிரெயர் நிருபத்தின் கருத்துக்கு இது முற்றிலும் பொருந்துவது. கேரூபீன்கள்மேல் வீற்றிருப்பவர் என்று சங்கீதங்கள் கடவுளைப் பாடுவதால், மூடியை ஆசனம் என்பதற்கும் ஆதாரம் உண்டு. 'ஆண்டவரே, உம்முடைய கிருபாசனத்தண்டை வருகிறோம்' என்று நம் சபைகளில் ஜெபத்தைத் தொடங்கும் மூப்பர், தாம் அறிந்தோ அறியாமலோ, லேவியராகமம் 16-ஐயும் எபிரெயர் 4-ஐயும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்.

இந்தச் சொல்லாட்சிக்கு ஜெர்மன் மொழியிலும் இணை இருக்கிறது. மார்ட்டின் லூத்தர் தம் மொழிபெயர்ப்பில் மூடிக்கு 'கிருபையின் இருக்கை' என்று பொருள்படும் ஒரு சொல்லை வைத்தார். அதையே ரோமர் 3:25-லும் எபிரெயர் 4:16-லும் 9:5-லும் எழுதினார். தரங்கம்பாடியில் 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்த சீகன்பால்கும், அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் வேதாகமத்தைப் புதிதாகப் பெயர்த்த பப்ரிசியுஸும் லூத்தரின் வேதாகமத்தில் வளர்ந்த ஜெர்மானியர்கள். லூத்தர் நான்கு இடங்களிலும் வைத்த ஒரே சொல், நமக்கு இன்று கையிலிருக்கும் தமிழில் மூன்று இடங்களில் நிற்கிறது, ரோமரில் மட்டும் இல்லை. கத்தோலிக்கரும் பிறரும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் வேறு வழி எடுத்தது. மூடியை 'இரக்கத்தின் இருக்கை' என்றும், ரோமரில் வருவதைக் 'கழுவாய்' என்றும், எபிரெயர் 4:16-இல் வருவதை 'அரியணை' என்றும் பிரித்துக் காட்டுகிறது. துல்லியம் கூடுகிறது, ஆனால் மூன்றும் ஒன்றையொன்று தொடும் ஓசை போய்விடுகிறது. இரண்டையும் அருகருகே வைத்து வாசியுங்கள் என்பதே என் பரிந்துரை.

பவுல் இதை எழுதிய காலத்தில் அந்த மூடி உலகத்தில் இல்லை என்பதை இங்கே நினைக்க வேண்டும். கி.மு. 586-இல் பாபிலோனியர் எருசலேமை அழித்தபோது கொண்டுபோன பொருள்களின் பட்டியலில் பெட்டி இல்லை. அதன்பின் கட்டிய இரண்டாம் ஆலயத்தில் மகா பரிசுத்த ஸ்தலம் வெறுமையாகவே இருந்தது. அங்கே ஒன்றுமே இல்லை என்று அந்த ஆலயத்தில் பணிசெய்த ஆசாரியக் குடும்பத்தில் பிறந்த யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். கி.மு. 63-இல் ரோமத் தளபதி பொம்பே உள்ளே நுழைந்து பார்த்தபோதும் தெய்வ உருவம் எதுவும் காணவில்லை. பெட்டி இருந்த இடத்தில் தரையிலிருந்து மூன்று விரல் உயரம் எழும்பிய ஒரு கல் மட்டும் இருந்தது, அதன்மேல் ஆசாரியன் தூபகலசத்தை வைத்தான் என்று மிஷ்னா சொல்கிறது. ஆக, இயேசு எருசலேமில் நடமாடிய நாள்களில் பாவநிவிர்த்தி நாளின் இரத்தம் மூடி இல்லாத ஒரு வெற்றிடத்தை நோக்கித் தெளிக்கப்பட்டது. கடவுள் ஹிலஸ்தேரியோனை முன்னிறுத்தினார் என்று பவுல் எழுதியதை இந்தப் பின்னணியில் வாசித்தால், ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வெறுமையாயிருந்த ஓர் இடத்துக்கு நேராக அந்தச் சொல் வந்து நிற்பதை உணரலாம்.

இனி, அந்தப் பொருள் தானாக இரட்சிக்காது என்று நான் முன்பே சொன்னதற்கு வருகிறேன். 1 சாமுவேல் 4-ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் பெலிஸ்தரிடம் ஒரு போரில் தோற்கிறார்கள். உடனே மூப்பர்கள் சீலோவிலிருந்து பெட்டியைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். காரணம் மூன்றாம் வசனத்தில் இருக்கிறது: 'அது' நம்மைச் சத்துருக்களின் கைக்கு விலக்கி இரட்சிக்கட்டும். கர்த்தர் இரட்சிப்பார் என்று அவர்கள் சொல்லவில்லை, அது இரட்சிக்கும் என்றார்கள். பெட்டி பாளயத்துக்குள் வந்தபோது பூமி அதிரும்படி ஆர்ப்பரித்தார்கள். மறுபடியும் தோற்றார்கள், முப்பதாயிரம் காலாட்கள் விழுந்தார்கள், பெட்டி பிடிபட்டது, ஆசாரியன் ஏலியின் இரு குமாரர் மாண்டார்கள். செய்தி கேட்ட ஏலி ஆசனத்திலிருந்து மல்லாந்து விழுந்து இறந்தார். அவருடைய மருமகள் பிரசவ வேதனையிலேயே குழந்தைக்கு 'இக்கபோத்' என்று பெயரிட்டு, மகிமை போய்விட்டது என்று சொல்லி உயிர்விட்டாள். அதே பெட்டி பெலிஸ்தரின் ஊரிலே அவர்கள் தெய்வமான தாகோனைத் தரையில் கவிழ்த்ததும் அடுத்த அதிகாரத்தில் வருகிறது. கடவுள் பெட்டியைக் கைவிடவில்லை. பெட்டியைக் கொண்டு தம்மைக் கட்டுப்படுத்தலாம் என்று நினைத்தவர்களுக்குத்தான் இடங்கொடுக்கவில்லை.

வெண்கலச் சர்ப்பத்தின் கதை இதைவிடக் கூர்மையானது. எண்ணாகமம் 21-இல் கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள் கடித்த மக்கள், மோசே கம்பத்தில் தூக்கிவைத்த வெண்கலச் சர்ப்பத்தை நோக்கிப் பிழைத்தார்கள். யோவான் 3:14-இல் இயேசு தம்முடைய மரணத்தை அதனோடு ஒப்பிடுகிறார். இந்த விளக்கத்தைக் கிறிஸ்தவர்கள் தாங்களாகக் கண்டுபிடித்ததாகச் சொல்பவர்கள், இயேசுவின் காலத்தை ஒட்டி ஒரு யூதர் கிரேக்கத்தில் எழுதிய சாலமோனின் ஞானம் என்னும் நூலைப் பார்க்க வேண்டும். அதன் 16-ஆம் அதிகாரம் அந்தச் சர்ப்பத்தை 'இரட்சிப்பின் அடையாளம்' என்றே அழைக்கிறது. நம் கேள்வியில் இருக்கும் அதே சொற்றொடர்! அடுத்த வரியிலேயே, நோக்கிப் பார்த்தவன் தான் கண்ட பொருளால் அல்ல, எல்லாருக்கும் மீட்பராகிய கடவுளால் காப்பாற்றப்பட்டான் என்கிறது. மிஷ்னாவும் இதையே கேள்வியாகக் கேட்கிறது: சர்ப்பமா கொன்றது, சர்ப்பமா உயிர் கொடுத்தது? மக்கள் மேலே நோக்கித் தங்கள் இருதயத்தைப் பரலோகத் தகப்பனுக்குக் கீழ்ப்படுத்தியபோது குணமானார்கள் என்பது அங்கே தரப்படும் பதில்.

ஆனாலும் மக்கள் அந்த வெண்கலத்தை விடவில்லை. பல நூற்றாண்டுகளுக்குப் பின், கி.மு. எட்டாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி ஆண்ட எசேக்கியா ராஜாவின் காலம்வரை அதற்குத் தூபங்காட்டி வந்தார்கள். எசேக்கியா அதை உடைத்து நொறுக்கினார், 'நிகுஸ்தான்' என்று பெயரிட்டார் (2 இராஜாக்கள் 18:4). அது வெறும் வெண்கலத் துண்டு என்ற பொருள் தொனிக்கும் சொல். மோசே தன் கையால், கடவுளின் கட்டளைப்படி செய்த பொருள் அது. அதை உடைத்தவரைத்தான் வேதம் தாவீதைப்போல் செம்மையானவர் என்று பாராட்டுகிறது. இயேசு நிக்கொதேமுவிடம் இந்தச் சர்ப்பத்தை எடுத்துப் பேசும்போது, அந்தப் பொருள் எப்போதோ தூளாகிவிட்டது. அடையாளம் மட்டும் உயிரோடு இருந்தது. தெற்கு இஸ்ரேலில் திம்னாவின் செம்புச் சுரங்கப் பகுதியில் 1969-இல் பெனோ ரோத்தன்பெர்க்கின் அகழாய்வில் ஒரு சிறு செம்புப் பாம்பு கிடைத்தது. தலையில் பொன் பூசியது, ஒரு சாணுக்கும் குறைவான நீளம். அதை மோசேயின் சர்ப்பம் என்று சிலர் பரப்புகிறார்கள். அது ஒரு பாலைவனக் கோயிலில் மக்கள் காணிக்கையாக வைத்தது. அந்த வட்டாரத்தில் இத்தகைய உருவங்கள் வழக்கத்தில் இருந்ததை அது காட்டுகிறது, அவ்வளவுதான்.

வேதத்துக்கு வெளியே வளர்ந்த விளக்கங்களைப் பற்றி இனிச் சொல்லலாம். இரண்டாம் நூற்றாண்டில் சர்தை நகரத்து ஆயர் மெலித்தோ ஓர் உவமை சொன்னார். சிற்பி பெரிய உருவத்தைச் செய்யும் முன் மெழுகிலோ களிமண்ணிலோ மரத்திலோ ஒரு மாதிரியைச் செய்கிறான். உண்மையான உருவம் எழுந்த பின் மாதிரிக்குப் பயனில்லை. பஸ்கா ஆட்டுக்குட்டி மாதிரி, கிறிஸ்து உருவம். வேலை செய்யும் ஒரு கைவினைஞனைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கும் உவமை இது. ஆனால் இதே மெலித்தோ அதே உரையில் யூத மக்களை மிகக் கடுமையாகப் பழித்துப் பேசுகிறார். மாதிரியைத் தூக்கி எறியலாம் என்ற எண்ணம், மாதிரியைக் காத்து வைத்த மக்களையும் தூக்கி எறியலாம் என்ற எண்ணத்துக்கு எவ்வளவு எளிதாக இட்டுச் சென்றது என்பதற்கு அவரே சாட்சி. அதனால் வந்த இரத்தப்பழி நெடியது. அடையாள விளக்கத்தை நேசிக்கிற நாம் இதை மறைக்கக்கூடாது. ஆலயம் கி.பி. 70-இல் அழிந்த பின் யூதர்கள் தங்கள் வேதத்திலிருந்தே தங்கள் வழியைக் கண்டார்கள்: ஆலயத்துக்காக அழுத சீடனிடம், பலிக்கு நிகரான பாவநிவிர்த்தி நமக்கு இரக்கச் செயல்களில் உண்டு என்று யூத ரபி யோகனான் பென் சக்காய் சொன்னதாக அவர்கள் மரபு பேணுகிறது. யாத்திராகமம் 25 முதலில் அவர்களுடையது. எபிரெயர் நிருபமே கூடாரத்தை 'நிழல்' என்று அழைக்கும்போது, அந்த நிழலை இகழவில்லை. மகிமையுள்ள கேரூபீன்கள் என்றே பேசுகிறது.

நோவாவின் பேழைக்கு 1 பேதுரு 3-ஆம் அதிகாரம் அடித்தளம். எட்டுப் பேர் ஜலத்தினாலே காக்கப்பட்டது ஞானஸ்நானத்துக்கு ஒப்பனை என்று அங்கே வருகிறது. அகுஸ்தீன் இதிலிருந்து வெகுதூரம் போனார். பேழையின் நீளம் 300 முழம், அகலம் 50, உயரம் 30. படுத்திருக்கும் மனிதனின் உடலிலும் நீளம் அகலத்துக்கு ஆறு மடங்கு, கனத்துக்குப் பத்து மடங்கு. ஆகவே பேழை கிறிஸ்துவின் சரீரம். பக்கத்தில் வைத்த கதவு ஈட்டி குத்திய விலா. கணக்கு ஒத்துவருவது வியப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் இதன்மேல் உபதேசம் எதையும் கட்ட முடியாது. உடன்படிக்கைப் பெட்டியின் மரம் இயேசுவின் மனிதத்தன்மை, பொன் அவருடைய தெய்வத்தன்மை என்று நம் வேதபாட வகுப்புகளில் சொல்லப்படுவதும் இதே வகை. தியானத்துக்கு உதவும், வசனத்தில் இல்லை. நான் கற்பிக்கும்போது இந்த இரண்டு வகையையும் கலந்துவிடாமல் இருக்கக் கவனமாயிருக்கிறேன். ஏனென்றால் கலந்து கேட்டவர்கள் ஒரு நாள் மரமும் பொன்னும் வசனத்தில் இல்லை என்று கண்டுகொள்ளும்போது, கிருபாசனத்தையும் சேர்த்து சந்தேகிக்கத் தொடங்குகிறார்கள்.

மரியாளை உடன்படிக்கைப் பெட்டி என்று கத்தோலிக்க, கிழக்குத் திருச்சபைகள் போற்றுவது இவற்றைவிட உறுதியான நிலத்தில் நிற்கிறது. 2 சாமுவேல் 6-இல் தாவீது, கர்த்தருடைய பெட்டி என்னிடத்தில் வருவது எப்படி என்று கேட்கிறார். பெட்டி மூன்று மாதம் ஓபேத் ஏதோமின் வீட்டில் தங்குகிறது. அதன்முன் தாவீது துள்ளி ஆடுகிறார். லூக்கா 1-இல் யூதேயாவின் மலைநாட்டில் எலிசபெத்து, என் ஆண்டவருடைய தாயார் என்னிடத்தில் வந்தது எதனால் என்கிறாள். வயிற்றில் பிள்ளை துள்ளுகிறது. மரியாள் ஏறத்தாழ மூன்று மாதம் தங்குகிறாள். உன்னதமானவருடைய பலம் உன்மேல் 'நிழலிடும்' என்று தூதன் சொல்லும் வினை, கூடாரத்தின்மேல் மேகம் தங்கியதற்கு யாத்திராகமத்தின் கிரேக்கம் வைத்திருக்கும் அதே வினை. தமிழ்க் கத்தோலிக்கர் மன்றாட்டுமாலையில் 'வாக்குத்தத்தத்தின் பெட்டகமே' என்று சொல்லும்போது இத்தனையும் அதில் இருக்கிறது. சீர்திருத்தச் சபையார் அந்த மன்றாட்டைச் சொல்லாவிட்டாலும், லூக்கா இந்த இணைகளை அறிந்தே எழுதினார் என்று ஒப்புக்கொள்வதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

உயிர்த்தெழுந்த காலையின் கல்லறையைப் பற்றியும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். யோவான் 20:12-இல் மகதலேனா மரியாள் குனிந்து பார்க்கிறாள். இயேசுவின் சரீரம் வைக்கப்பட்டிருந்த இடத்தில் 'தலைமாட்டில் ஒருவனும் கால்மாட்டில் ஒருவனுமாக' இரண்டு தூதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் வெற்றிடம். இரு முனைகளில் இரண்டு கேரூபீன்கள், நடுவில் ஒன்றுமில்லாத இடம், அங்கே கடவுள் மனிதரைச் சந்திப்பார் என்ற யாத்திராகமத்தின் காட்சியை இதில் காண்பவர்கள் பலர். யோவான் அப்படி வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் மற்ற சுவிசேஷங்கள் தராத இந்தத் தலைமாடு கால்மாடு விவரத்தை அவர் ஏன் எழுதினார் என்று கேட்டுப் பார்த்தால், எனக்கு இதைவிட நல்ல பதில் கிடைத்ததில்லை.

இரண்டாம் பகுதிக்கு வருவோம். பெட்டி எங்கே? எரேமியா அதை மோசே ஏறிய மலையின் குகையில் மறைத்து வாயிலை அடைத்தார் என்று 2 மக்கபேயர் 2-ஆம் அதிகாரம் ஒரு மரபைச் சொல்கிறது. எத்தியோப்பியத் திருச்சபை அது அக்சூம் நகரில் சீயோன் மரியாள் ஆலய வளாகத்தில் இருப்பதாக நம்புகிறது. அதைக் காக்கும் ஒரே ஒரு துறவியைத் தவிர வேறு எவரும் பார்க்க அனுமதி இல்லை. இதை ஆய்வுக் கருவிகளோடு நிரூபிக்கவோ மறுக்கவோ முயல்வதைவிட, அந்தத் திருச்சபை அந்த நம்பிக்கையை எப்படி வாழ்கிறது என்று பார்ப்பது நம் கேள்விக்கு அதிகம் உதவும். அங்கே ஒவ்வோர் ஆலயத்திலும் 'தாபோத்' என்னும் அபிஷேகம் செய்யப்பட்ட பலகை ஒன்று உண்டு. பெட்டியையும் அதன் கற்பலகைகளையும் நினைவுகூரும் அந்தப் பலகை இல்லாமல் அது ஆலயமாகாது. அதன்மேல்தான் நற்கருணை, அதாவது கிறிஸ்துவின் இரத்தமும் சரீரமும், வைக்கப்படுகிறது. ஜனவரியில் வரும் திம்கத் திருநாளில் பட்டுத் துணிகளில் சுற்றிய தாபோத்தைக் குருக்கள் தலையில் சுமந்து நீர்நிலைக்குக் கொண்டுபோகிறார்கள். கிருபாசனத்தின்மேல் இரத்தம் என்று பவுல் ஒரு சொல்லில் சொன்னதை அந்த மக்கள் மரத்திலும் கல்லிலும் ஒவ்வொரு வழிபாட்டிலும் செய்துகாட்டுகிறார்கள்.

1868-இல் எத்தியோப்பியாவின் மக்தலா கோட்டையைக் கைப்பற்றிய பிரிட்டிஷ் படை கொள்ளையிட்டுச் சென்றவற்றில் இந்தத் தாபோத்துகளும் இருந்தன. எடின்பரோவில் ஓர் ஆலயத்தில் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த ஒன்று 2002-இல் எத்தியோப்பியாவுக்குத் திரும்பியபோது அதை வரவேற்கத் தெருவெல்லாம் மக்கள் திரண்டார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பதினொன்று இருக்கின்றன; அவற்றைக் காட்சிக்கு வைப்பதில்லை, அங்கே பணிபுரிபவர்களும் பார்ப்பதில்லை. அவற்றைத் திருப்பித் தர வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

பெட்டியே நாளை கண்டெடுக்கப்பட்டால்? வரலாற்றுக்கு அது ஈடற்ற செல்வம். யூத மக்களுக்கு அதன் பொருள் என்ன என்பதை அவர்களே சொல்ல வேண்டும். கிறிஸ்தவ விசுவாசத்தில் அதனால் எதுவும் கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை. 'கர்த்தருடைய உடன்படிக்கைப் பெட்டி' என்று மக்கள் இனிச் சொல்லவும் நினைக்கவும் விசாரிக்கவும் மாட்டார்கள், வேறொன்றைச் செய்யவும் மாட்டார்கள் என்ற ஒரு நாளைப் பற்றி எரேமியா 3:16 பேசுகிறது, அந்த நாளை இழப்பின் நாளாக அல்ல, வாக்குத்தத்தத்தின் நாளாக. எபிரெயர் நிருபத்தின் ஆசிரியரும் பொற்பாத்திரம், கோல், பலகைகள், கேரூபீன்கள், கிருபாசனம் என்று ஒவ்வொன்றாக ஆசையோடு சொல்லிக்கொண்டே வந்து, 'இவைகளைக்குறித்து விவரமாய்ப் பேச இப்பொழுது சமயமில்லை' என்று நிறுத்திவிட்டு, அந்தத் திரைக்குள் நுழைந்தவரைப் பற்றிப் பேசப் போய்விடுகிறார்.